வாடைக் காலத்துத் தடுமனும் ஃப்ளூவும்: ஊசி, ஜன்னல், சோப்பு, முகக்கவசம் – காசை எதில் போடுவது?

ஐப்பசியில் வாடை திரும்பிவிட்டால் பாம்பன் முதல் தொண்டி வரை வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். ஒருவருக்குத் தொடங்கினால் நாலைந்து நாளில் பாய் வரிசையாக எல்லோரும் விழுகிறார்கள். மருந்துக் கடைக்குப் போனால் சானிடைசர், முகக்கவசம், வைட்டமின் மாத்திரை, ஆவி பிடிக்கும் கருவி என்று எதையாவது கையில் கொடுத்துவிடுகிறார்கள். இவற்றில் எது அடுத்தவருக்குத் தொற்றுவதைத் தடுக்கும், எது படுத்திருப்பவருக்குச் சுகம் தருவதோடு நின்றுவிடும், எது இந்த உப்புக்காற்றுக் கரையில் வேலைக்கே ஆகாது என்று பிரித்துப் பார்க்கலாம்.

குளிர்காலச் சளியைப் பற்றிச் சொல்லப்படும் யோசனைகளில் பாதி பனி பெய்யும் நாடுகளுக்கானவை. அங்கே குளிரில் காற்று வறண்டுவிடும். வறண்ட காற்றில் ஃப்ளூ வைரஸ் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். அதனால் அறைக்கு ஈரம் ஏற்றும் கருவியை வாங்கச் சொல்வார்கள். நம் பக்கமோ மார்கழியிலும் தீப்பெட்டி நமத்துப்போகும். இங்கே அந்தக் கருவியை வைத்தால் சுவரில் பூஞ்சைதான் பூக்கும். தமிழ்நாட்டில் ஃப்ளூ கூடுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். அந்த மாதங்களில் ஜன்னல் மூடிக் கிடக்கிறது, படகு கரையில் நிற்கிறது, ஆட்கள் வீட்டுக்குள்ளும் டீக்கடைக்குள்ளும் அடைகிறார்கள். ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி குளிரைப் பற்றியதல்ல, அடைப்பைப் பற்றியது.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை உள்ள 68 வயதுத் தாத்தா, அவரைப் பார்த்துக்கொள்ளும் 61 வயதுப் பாட்டி, கடலுக்குப் போகும் மகன், மருமகள், ஒன்பது வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஒரு கூடம், ஓர் அறை. குடிக்கும் தண்ணீர் குடக்கணக்கில் விலைக்கு, கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. இந்த வாடைக்காகச் செலவழிக்கக் கையில் 5,000 ரூபாய்.

முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். முதல் செலவு தாத்தாவுக்கு ஃப்ளூ தடுப்பூசி. இரண்டாவது, காய்ச்சல்காரர் படுக்கும் இடத்திலிருந்து காற்றை வெளியே தள்ள ஒரு வழி. மூன்றாவது சோப்பு, மிகச் சிறிய செலவு. நான்காவது ஒரு பெட்டி மூன்றடுக்கு முகக்கவசம், எல்லா நேரத்துக்கும் அல்ல, சில இடங்களுக்கு மட்டும். மீதியிருந்தால் பாட்டிக்கு ஊசி. சின்னவனுக்கு வீசிங் இருந்தால் பாட்டிக்கு முன்னால் அவன். சானிடைசரும் வைட்டமினும் ஆவிக் கருவியும் இந்தப் பட்டியலில் இல்லை. ஏன் என்பதுதான் இனி.

இரண்டும் ஒரே நோய் இல்லை

தடுமன் மெல்லப் பிடிக்கும். தொண்டையில் கரகரப்பு, தும்மல், மூக்கில் தண்ணீர், காய்ச்சல் இருந்தாலும் இலேசாக. ஃப்ளூ அப்படியில்லை. காலையில் வலை இழுத்தவர் சாயங்காலம் எழுந்து உட்கார முடியாமல் கிடப்பார். கடுங்காய்ச்சல், கைகால் முறிவது போன்ற வலி, வறட்டு இருமல். தடுமனைக் கொண்டுவருவதில் முதலிடம் ரைனோ வைரஸ்களுக்கு. அவற்றில் 160 வகைக்கு மேல் உண்டு. அதனால்தான் தடுமனுக்கு ஊசி கிடையாது. ஃப்ளூவுக்கு உண்டு.

பரவும் வழியிலும் வேற்றுமை இருக்கிறது. இரண்டுமே இருமல் வழியாகவும் கை வழியாகவும் போகும். ஆனால் தடுமனுக்குக் கை பெரிய வாகனம்: மூக்கைத் துடைத்த கை தாழ்ப்பாளைத் தொடும், அந்தத் தாழ்ப்பாளைத் தொட்ட இன்னொரு கை கண்ணைக் கசக்கும். ஃப்ளூவுக்கு மூச்சுக்காற்று பெரிய வாகனம். ஃப்ளூ வந்தவர் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்குகிறார், ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புகிறார், முதல் மூன்று நாள் மிக அதிகம். பிள்ளைகளிடம் இது இன்னும் சில நாள் நீளும். தொற்றியவருக்கு ஒன்று முதல் நாலு நாளில் காய்ச்சல் வரும். எந்தத் தடுப்பையும் இந்த நாள்கணக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும். நாலாம் நாள் கட்டிலைத் தனியே போடுகிறவர்கள் ஓடிப்போன மாட்டுக்குத் தொழுவத்தைச் சாத்துகிறார்கள்.

ஊசி: விலை அதிகம், ஆனால் யாருக்கு?

ஃப்ளூ ஊசி அரசின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் இல்லை. பெரும்பாலும் தனியாரிடம்தான் போட வேண்டும். நிறுவனத்தைப் பொறுத்துச் சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய். சராசரியாக 1,800 என்று வைத்தால் மேலே சொன்ன ஆறு பேருக்கும் போட ஏழு ஊசி வேண்டும். ஆறு பேருக்கு ஏன் ஏழு? ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளை வாழ்க்கையில் முதல்முறை போடும்போது நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. ஆக 12,600 ரூபாய். இந்தக் கரையில் எத்தனை வீட்டுக்கு அது கட்டுப்படியாகும்?

ஊசியின் பலனையும் உள்ளபடி பார்க்க வேண்டும். அந்த வருஷம் சுற்றும் வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்தினால், ஃப்ளூவுக்காக மருத்துவரிடம் போகும் நிலை 40 முதல் 60 சதவீதம் குறையும். முழுக்காப்பு இல்லை. ஆனால் நெஞ்சுச்சளி கட்டி மருத்துவமனையில் படுப்பதைக் குறைப்பதில்தான் அதன் உண்மையான மதிப்பு. அதனால் ஆள் பார்த்துப் போடலாம்: 65 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர், கர்ப்பிணி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை. கர்ப்பிணிக்கு எந்த மாதத்திலும் போடலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. தாய் போட்டுக்கொண்டால் பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதம் அந்தக் காப்பு கிடைக்கிறது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தாத்தாவோடு சேர்த்து அவர்தான் வரிசையில் முதல்.

வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, பெட்டியின் மேல் எந்தப் பருவத்துக்கானது என்று வருஷம் அச்சிட்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், ஊசியில் எந்த வைரஸைச் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறது. கடையில் இருப்பதில் புதியதைக் கேளுங்கள், போன வருஷச் சரக்கு வேண்டாம். இரண்டு, மூன்று வகை வைரஸுக்கான ஊசி, நாலு வகைக்கானது என்று இரண்டு உண்டு. அந்த நாலாவது, பி யமகாட்டா என்ற பிரிவு, 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகக் கண்டறியப்படவில்லை. நாலு என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. (கொரோனாவுக்காக முகத்தை மூடி, கூட்டத்தைக் குறைத்து, வீட்டிலிருந்த அந்த நாட்களோடு ஒரு ஃப்ளூ வைரஸ் பிரிவு கண்ணில் படாமலே போய்விட்டது. சாதாரணத் தடுப்பு முறைகளை ஏளனமாகப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லலாம்.) மூன்று, ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. புயல் மழையில் நாள்கணக்கில் மின்சாரம் போகும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஜெனரேட்டரோ தனிக் குளிர்பெட்டியோ உள்ள இடத்தில் போடுங்கள். மருந்துக் கடையில் வாங்கி ஐஸ் கட்டிமேல் நேரே வைத்துப் பையில் கொண்டுபோனால் ஊசி உறைந்து வீணாகும். ஐஸுக்கும் ஊசிப் பெட்டிக்கும் நடுவே மடித்த துணி வேண்டும்.

போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் காப்பு வரும். மழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குவது வழக்கம் என்பதால் செப்டம்பர் கடைசிக்குள் போட்டுவிடுவது நல்லது. தவறிவிட்டால் நவம்பரில் போட்டாலும் வீணில்லை. "ஊசி போட்டும் சளி பிடிச்சுருச்சே" என்று சொல்பவர்களுக்குப் பிடித்தது பெரும்பாலும் தடுமன். ஊசி அதற்கானதல்ல. கையில் வலியும் ஒரு நாள் உடம்புவலியும் வரலாம். செயலிழக்கச் செய்த வைரஸ் என்பதால் ஊசியால் ஃப்ளூ வராது.

ஜன்னல்: காசே இல்லாத தடுப்பு, ஆனால் திசை தெரிய வேண்டும்

எங்கள் பார்வையில் இந்தக் கரைக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறில்லை. வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. வடகடல் பக்கம், அதாவது தேவிபட்டினம், தொண்டி, ராமேசுவரத்தின் வட கரையில், கடலிலிருந்து நேரே அடிக்கும். தென்கடல் பக்கம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கத்தில், தரைமேல் ஏறி வரும், வேகம் குறைந்திருக்கும். இரண்டு பக்கத்திலும் திசை ஏறக்குறைய ஒன்றுதான். காற்று வீட்டுக்குள் வடகிழக்கில் நுழைந்து தென்மேற்கில் வெளியேற விரும்புகிறது. அந்த வழியை அடைக்காமல் விட்டு, வெளியேறும் மூலையில் காய்ச்சல்காரரைப் படுக்க வைத்தால், அவர் மூச்சு மற்றவர்கள் மேல் படாமல் வெளியே போய்விடும்.

தென்மேற்கு என்றால் கன்னி மூலை. குடும்பத் தலைவர் படுக்க வேண்டிய மூலை என்று சொல்வார்கள். ஒரு வாரத்துக்கு அதைக் காய்ச்சல்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. "காத்து வரட்டும்" என்று நோயாளியின் கட்டிலை வடகிழக்கு ஜன்னலோரம் போடுகிறார்கள். காற்று முதலில் அவரைத் தடவி, பிறகு கூடத்தில் படுத்திருக்கும் பிள்ளைகள் மேல் வருகிறது.

உங்கள் வீட்டில் காற்று எப்படிப் போகிறது என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். நோயாளியின் கட்டில் இருக்கும் இடத்தில் தலைமாட்டு உயரத்தில் ஒரு நிமிடம் பிடியுங்கள். புகை ஜன்னலைப் பார்த்துப் போனால் சரி. கூடத்துப் பக்கம் திரும்பினாலோ, நின்ற இடத்திலேயே சுருண்டாலோ கட்டிலை மாற்றுங்கள் அல்லது இன்னொரு ஜன்னலைத் திறங்கள். இரவில் ஒரு முறையும் பாருங்கள். வாடை தளர்ந்த நாட்களில் இரவில் நிலக்காற்று வேறு பக்கம் திரும்பும். பார்த்ததும் பத்தியை அணைத்துவிடுங்கள், இருமுகிறவருக்குப் புகை ஆகாது.

மழை சாரலடிக்கும்போது என்ன செய்வது? சாரல் வருவது காற்று வரும் பக்கம்தான். அந்தப் பக்கத்து ஜன்னலை ஒரு சாண் மட்டும் திறந்துவைத்து, காற்று மறைவான தென்மேற்குப் பக்கத்தை முழுதும் திறக்கலாம். இரண்டில் ஒன்றை அறவே மூடினால் காற்று ஓடாது.

கான்கிரீட் வீட்டைவிட ஓலை வீடு இதில் கெட்டிக்காரத்தனமானது, கீற்றின் இடுக்கெல்லாம் காற்று போகும். ஆனால் மழைக்காகத் தார்ப்பாயைச் சுற்றிலும் இழுத்துக் கட்டியதும் அது பிளாஸ்டிக் பெட்டியாகிவிடுகிறது. தார்ப்பாயைக் கூரைமேல் மட்டும் போட்டு, தென்மேற்குப் பக்கத்து இறவாரத்துக்கடியில் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டினால் போதும்.

விசிறிகளுக்கு வருவோம். சீலிங் ஃபேன் காற்றைக் கலக்கும், வெளியேற்றாது. மூடிய அறையில் அது ஒருவர் மூச்சை எல்லோருக்கும் பங்கு வைக்கும். ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான், உள்ளே இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்பத் தருகிறது, வெளிக்காற்று வருவதில்லை. மேசை விசிறி இருந்தால் அதை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி, ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி வையுங்கள். ஒட்டி வைப்பதைவிட அப்படி வைத்தால் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு வெளியே தள்ளும்.

அது போதாதென்றால் எக்ஸாஸ்ட் ஃபேன். 10 அடிக்கு 12 அடி, 10 அடி உயர அறை என்றால் கொள்ளளவு 1,200 கன அடி, சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஆறு முறை காற்று மாறினால் நல்ல கணக்கு. அதற்கு மணிக்கு ஏறக்குறைய 204 கன மீட்டர் வெளியேற வேண்டும். பெட்டியில் காற்றளவு 250 கன மீட்டருக்கு மேல் என்று போட்ட ஆறு அங்குல விசிறி போதும், ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின் வரும், பொருத்தும் கூலி தனி. மூன்று தவறுகள் இதில் சாதாரணம். உள்ளே காற்று வர வழி விடாமல் கதவைச் சாத்தினால் விசிறி சுற்றும், காற்று நகராது. வடகிழக்குச் சுவரில் பொருத்தினால் வாடையோடு மல்லுக்கட்டித் தோற்கும். இரும்பு உடல் வாங்கினால் உப்புக்காற்றில் இரண்டு மழைக்குள் துருவேறும், பின்னால் இருக்கும் மடிப்புத் தகடு ஒட்டிக்கொண்டு திறக்காது. பிளாஸ்டிக் உடல், எவர்சில்வர் திருகு என்று கேட்டு வாங்குங்கள், மாதம் ஒரு முறை தகடு திறக்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள்.

ஜன்னலைத் திறந்தால் கொசு வரும். உண்மைதான், இது டெங்கு காலமும்கூட. வலை கட்டுங்கள், பகலிலும். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக் கொசுவர்த்தி கொளுத்துவது இருமலுக்கும் கேடு.

உவர்த்தண்ணீரில் சோப்பு

சோப்பால் கைகழுவும் பழக்கம் மூச்சுத்தொற்றுகளை ஆறில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை குறைக்கிறது. தடுமனுக்கு எதிராக இதுவே முதல் ஆயுதம். ஆனால் நம் ஊரில் அது நடக்காமல் போவதற்குச் சோம்பல் காரணமில்லை, தண்ணீர் காரணம். உவர்த்தண்ணீரில் சாதாரண சோப்பு நுரைக்காது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பாகத் திரிந்துவிடும். விலைத்தண்ணீரைக் கைகழுவக் கொட்ட மனம் வராது.

வழி இருக்கிறது. நுரை வருவதற்கு மட்டும் நல்ல தண்ணீர், அலசுவதற்குக் கிணற்றுத் தண்ணீர். ஒரு கைப்பிடி நல்ல தண்ணீரில் கையை நனைத்து, சோப்புப் போட்டு, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் 20 விநாடி தேய்த்து, பிறகு உவர்த்தண்ணீரில் அலசலாம். வைரஸைக் கிளப்பி எடுப்பது நுரையும் தேய்ப்பும்தான். அலசும் தண்ணீர் குடிக்கும் தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு உப்புத்தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். பாட்டிலில் வரும் ஹேண்ட்வாஷ் பெரும்பாலும் டிடர்ஜென்ட் வகை, அதுவும் நுரைக்கும். மிக மலிவாக வேண்டுமானால் ஒன்றரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரும் 30 கிராம் சலவைத்தூளும் போட்டுக் குலுக்கி, மூடியில் ஆணியால் துளையிட்டுக் கழுவுமிடத்தில் வையுங்கள். சருமம் வெடித்தவர்களுக்கு, குறிப்பாகக் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு, இந்தத் தூள்தண்ணீர் எரியும். அவர்களுக்குச் சோப்புக் கட்டியே நல்லது.

முழுக்க நல்ல தண்ணீரே பயன்படுத்தினாலும் கணக்கைப் பாருங்கள்: செம்பில் மொண்டு கழுவினால் ஒரு முறைக்கு அரை லிட்டர். ஆறு பேர், நாளுக்கு ஆறு முறை: 18 லிட்டர், ஒரு குடத்துக்குக் கொஞ்சம் கூட. மேலே சொன்ன முறையில் கால் குடம் போதும்.

சானிடைசர் ஏன் வேண்டாம்? 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள சானிடைசர் சுத்தமான கையில் ஃப்ளூ வைரஸைக் கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் மீன் அறுத்த கையில், கருவாடு புரட்டிய கையில், எண்ணெய்ப் பிசுக்கில் அது உள்ளே இறங்காது. சளி ஈரமாக ஒட்டியிருந்தால் அதை ஊடுருவ நிமிடக்கணக்காகும், நாமோ பத்து விநாடியில் தேய்த்து முடிக்கிறோம். தடுமன் வைரஸுக்கு மேலுறை இல்லாததால் ஆல்கஹாலுக்கு அவ்வளவாக அசையாது. 100 மில்லி பாட்டில் முறைக்கு மூன்று மில்லி வீதம் 33 தடவையில் தீரும். பேருந்துப் பயணத்துக்குப் பையில் ஒன்று இருக்கட்டும், வீட்டுக்கு வேண்டாம். அடுப்படிக்கு அருகில் அறவே வேண்டாம்.

கைக்குட்டையைப் பற்றியும் ஒரு சொல். சளி துடைத்த கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்து நாள் முழுக்க எடுத்து எடுத்துத் துடைப்பது, கழுவிய கையைத் திரும்பத் திரும்ப அழுக்காக்குவதுதான். துணியில் ஃப்ளூ வைரஸ் 8 முதல் 12 மணி நேரம் வரை கிடக்கும். பழைய வேட்டியை உள்ளங்கை அகலத் துண்டுகளாகக் கிழித்து, ஒரு தடவைக்கு ஒன்று எடுத்து, மூடியுள்ள வாளியில் சோப்புத்தண்ணீரில் போட்டுவிடுங்கள். சாயங்காலம் அலசி உலர்த்தினால் மறுநாளைக்கு ஆகும்.

முகக்கவசம்: எங்கே, யாருக்கு

இருமுகிறவர் அணிவதே முதல் பயன். அவரால் முடியாதபோது அவருக்குக் கஞ்சி கொடுத்து, உடம்பு துடைத்து, மூன்றடிக்குள் நெருங்குகிறவர் அணிய வேண்டும். மூன்றடுக்குக் கவசம் ஒன்று மூன்று முதல் ஐந்து ரூபாய். நிறமுள்ள பக்கம் வெளியே, கம்பி மூக்கின் மேல் அழுத்தி. என்-95 இன்னும் நன்றாக வடிகட்டும், ஆனால் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான். அடர்ந்த தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும்; அவர்களுக்கு என்-95 வாங்குவது காசுக்குக் கேடு. எதுவானாலும் நனைந்தால் மாற்ற வேண்டும். உலர்ந்த ஊரில் ஆறு மணி நேரம் தாங்கும் கவசம் நம் கடற்காற்றில் மூன்று நாலு மணியில் ஈரமாகிவிடும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எந்தக் கவசமும் போடக் கூடாது.

இடங்களைப் பொறுத்தவரை, திறந்த கடற்கரையில் மீன் ஏலத்துக்கு நிற்கும்போது அவசியமில்லை, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். படுதா இறக்கிய ஷேர் ஆட்டோ, கண்ணாடி மூடிய பேருந்து, மருத்துவமனை ஓ.பி. வரிசை, அய்யப்ப பக்தர்கள் குவியும் நாட்களில் கோயில் பிராகாரத்து நெரிசல்: இங்கே வேண்டும். ஆட்டோவில் காற்று மறைவுப் பக்கத்துப் படுதாவைச் சுருட்டச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் புயல் காப்பகம். ஒரே கூடத்தில் பல குடும்பம், இரண்டு இரவு, மூடிய கதவு. காப்பகத்துக்குப் போகும் பையில் ஆளுக்கு ஆறு கவசமும் ஒரு சோப்பும் இருக்க வேண்டும். படுக்கும்போது ஒருவர் தலை, அடுத்தவர் கால் என்று மாற்றிப் படுத்தால், இடம் இல்லாத இடத்திலும் இரண்டு மூக்குக்கு நடுவே நாலைந்து அடி கிடைக்கும். வீட்டுக் கூடத்திலும் இதே முறை செல்லும்.

படகில் ஒருவர் இருமினால்

வீட்டில் இருந்துவிடுவது என்பது காசு செலவில்லாத தடுப்பு என்று சொல்வது எளிது. பங்குக்குப் போகிறவருக்கு அது மிக விலை உயர்ந்தது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்துப் பிரிக்கும் பங்கில், போகாதவருக்குப் பங்கில்லை. அதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள் கடலுக்குப் போகின்றன, மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. ஞாயிறு இரவு காய்ச்சல் தொடங்கியவர் திங்களும் புதனும் நின்றால், மிக அதிகமாகப் பரப்பும் முதல் மூன்று நாள் கரையிலேயே கழிந்துவிடும். பாராசிட்டமால் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லையென்றால் சனிக்கிழமை ஏறலாம். அவர் மாத்திரை போட்டுக்கொண்டு திங்களே ஏறினால், ஒரே கேபினில் தூங்கி, ஒரே டம்ளரில் டீ குடித்து, ஒரு பீடியைக் கைமாற்றி, வியாழனுக்குள் இன்னும் இருவர் விழுவார்கள். ஆள் போதாமல் சனிக்கிழமை படகே கட்டிக்கிடக்கும். ஒருவருடைய இரண்டு பயணமா, படகு முழுவதற்கும் ஒரு பயணமா என்பது உரிமையாளரும் யோசிக்க வேண்டிய கணக்கு. நின்றவருக்குக் கால் பங்காவது கொடுக்கும் வழக்கம் இருந்தால் யாரும் காய்ச்சலை மறைத்து ஏறமாட்டார்கள். ஏறியே ஆக வேண்டும் என்றால் அவர் தளத்தில் காற்றுப் போகும் பக்கம் படுக்கட்டும், கேபினில் வேண்டாம், டம்ளர் தனியாக.

பள்ளிக்கும் இதே 24 மணி நேரக் கணக்குத்தான். காலையில் சிரப் கொடுத்து அனுப்பினால் பதினொரு மணிக்குக் காய்ச்சல் திரும்பும், அதற்குள் ஒரு வகுப்புக்குக் கொடுத்திருப்பான்.

மற்றவை

வேது பிடிப்பது மூக்கடைப்பைத் தளர்த்தும், பரவலைத் தடுக்காது. ஒரே போர்வைக்குள் அண்ணனையும் தம்பியையும் சேர்த்து உட்காரவைத்தால் பரவலுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. கொதிக்கும் சட்டி கவிழ்ந்து பிள்ளைகள் தொடை வெந்துபோவதும் உண்டு. சுக்கு மல்லிக் கஷாயம் தொண்டைக்கு இதம், குடியுங்கள். நிலவேம்புக் குடிநீர் காய்ச்சலுக்கென்று சித்த மருத்துவத்தில் தரப்படுவது, வீட்டிலிருப்பவர்களுக்கு ஃப்ளூ தொற்றாமல் காக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். வைட்டமின் சி தினமும் சாப்பிட்டாலும் சாதாரண ஆட்களுக்குத் தடுமன் வரும் எண்ணிக்கை குறைவதில்லை. தரையெல்லாம் பிளீச்சிங் பவுடர் தெளிப்பதும் வேண்டாம், தரையை யாரும் மூக்கால் தொடுவதில்லை. தாழ்ப்பாள், சுவிட்சு, டிவி ரிமோட், செல்போன், இந்த நாலையும் நாளுக்கொரு முறை சோப்புத்தண்ணீர் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். ஆன்டிபயாடிக் வைரஸிடம் செல்லாது.

காய்ச்சல் எல்லாம் ஃப்ளூ இல்லை

இந்தக் கரையில் ஐப்பசி முதல் தை வரை வரும் காய்ச்சலில் டெங்கு இருக்கும், மலேரியா இருக்கும், தேங்கிய தண்ணீரில் கால்வைத்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் இருக்கும். மூக்கொழுகலும் இருமலும் இல்லாமல் காய்ச்சலும் உடம்புவலியும் மட்டும் இருந்தால் ஃப்ளூ என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். எதுவென்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம், டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை.

தாத்தா மாதிரி ஆபத்து வரிசையில் இருப்பவருக்கு மூன்று நாள் காத்திருக்கவே கூடாது. ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை, நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் மருத்துவர் சீட்டில் தொடங்கினால்தான் முழுப்பலன். மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், உதடு நீலம், இறங்கிய காய்ச்சல் இருமலோடு திரும்ப ஏறுவது, குழந்தை பால் குடிக்காமல் துவள்வது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. ராமேசுவரம் தீவில் இருப்பவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் பாம்பன் பாலத்தைக் கடந்தாக வேண்டும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாளில் தாத்தாவுக்குக் காய்ச்சல் தொடங்கினால் விடியட்டும் என்று இருக்காமல், காற்று ஏறுவதற்குள் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள்.